ஒத்தை அழைப்பு

உத்திரமேரூர்
18.11.2024

ராஜாவுக்கு,

அக்கா வளர்மதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதே.

போனில் கூப்பிட்டால் நீ “சொல்லு” என்கிறாய். அந்த “சொல்லு”விலேயே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன், நீ என்ன பேசினாய் என்பது நம் இருவருக்குமே நினைவிருப்பதில்லை. யாராவது ஒருவர் போனை வைத்துவிடுகிறோம். காகிதத்தில் எழுதினால் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் தபால்.

கயலுக்குத் தை கடைசியில் மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். மொட்டை குலதெய்வக் கோயிலில். காது குத்துவதும் சாப்பாடும் நம் வீட்டு வாசலில், நம் பந்தலில். ஊருக்கெல்லாம் ஷாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற வீட்டு விசேஷம், குறை வைத்தால் ஊர் சிரிக்கும்.

பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட வேண்டும். குழந்தை யார் மடியில் உட்காரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் சித்தப்பா மகன் வேதகிரி உட்காரத் தயாராக இருக்கிறான். உன் மாமா நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்: “வர்றதுன்னா வர்றேன்னு சொல்லச் சொல்லு. இல்லன்னா வேதகிரி கீறான். இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்காத.”

எனக்கு வேதகிரி வேண்டாம். அவன் நல்லவன்தான். ஆனால் என் பிள்ளை உன் மடியில் உட்கார வேண்டும்.

உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராததை நீ மறக்கவில்லை என்று தெரியும். நீ பத்திரிகை வைத்த விதத்தை நாங்களும் மறக்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடியாத அளவுக்குக் கல்கத்தாவில் உனக்கு அப்படி என்ன வேலை? அதையாவது எழுது. திலகாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

&nbsp;

கொல்கத்தா
27.11.2024

அக்காவுக்கு,

உறையைப் பிரித்துவிட்டேன். ஓரமாக வைத்து, மூன்று நாள் கழித்துத்தான் பிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை மறந்தவன் போல எனக்கு நடிக்கத் தெரியாது. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டும். காஞ்சிபுரத்தில் அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஐயர் “பையனோட அக்கா எங்கே?” என்று கேட்டார். அவர் மறுபடியும் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் திலகாவோடு வேலை பார்க்கிற ஒரு பெண் முன்னால் வந்து அந்த முடிச்சைப் போட்டாள். நல்ல பெண். அவள் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

அன்று உன் வீட்டார் சொன்ன காரணம், “ஒத்தை ஆளா வந்து வெச்சா அது அழைப்பே இல்ல.” சரி. அதே சட்டத்தை நானும் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் ஒருத்தி எழுதியது. ஒத்தை அழைப்பு. இதற்கு நான் எப்படி வருவது? வேதகிரி பெயரையே போட்டுவிடு.

வேலையைப் பற்றிக் கேட்டாய். இரண்டு துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிற்கும்போது அவற்றுக்கு இடையில் நியூட்ரினோக்களால் ஒரு விசை உண்டாகிறது. மிக மிகச் சிறிய விசை. இதுவரை யாரும் அதை அளந்ததில்லை. அது எந்த இடத்தில் கொஞ்சம் பெரிதாகும் என்று கணக்குப் போடுகிறேன். உனக்கு இது வேலையாகத் தெரியாது.

ராஜாராம்

&nbsp;

உத்திரமேரூர்
5.12.2024

டேய் ராஜா,

உன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாய். நான் என்ன தாசில்தாரா?

இங்கே புயல் மழை. கொட்டகைக்குள் தண்ணீர் வந்து ஷாமியானாத் துணியெல்லாம் ஊறிவிட்டது. வெயில் வந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்க விரித்துப் போட்டிருக்கிறோம். ஏரி தளும்பி நிற்கிறது. அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் பாலாறு பெருகி ஓடுகிறது என்று இரண்டு நாள் பஸ் இல்லை. பழையசீவரத்தில் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். மாட்டுக்கொட்டாய் ஒழுகுகிறதாம், அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

மூன்றாவது முடிச்சைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஐயர் இரண்டு முறை கேட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் போடாமல் போனது எனக்கும் வலிதான் ராஜா. உனக்கு மட்டும் என்று நினைக்காதே.

ஆனால் நீ வந்த அன்று நடந்ததையும் கேள். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் பத்திரிகை வைக்க இரண்டு பேர் வருவார்கள். கணவன் மனைவி, அப்பா பிள்ளை, அக்கா தங்கை, எப்படியோ இரண்டு பேர். உனக்குத் தெரியாததா? நீ தனியாக வந்து நின்றாய். என் மாமியார் வாசலிலேயே கேட்டார்: “இன்னாப்பா, ஒத்தையாவா வந்தே? கூட ஆரும் வர்லயா?” நீ “ஆமா, நான் மட்டுந்தான்” என்றாய். தட்டைப் பார்த்தார். வெற்றிலை இருந்தது, பழம் இருந்தது, பூ இருந்தது. குங்குமம் இல்லை. கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்குக் குங்குமம் இல்லாத தட்டு! உன் மாமா அன்று முழுக்கப் பேசவில்லை. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் நாற்காலி போடுகிறவருக்கு மச்சான் கல்யாணத்தில் இந்த மரியாதை.

இப்போது உன் நியூட்ரினோ. தேனிப் பக்கம் மலையைக் குடைந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று போராட்டம் நடந்ததே, அதுதானா? அதற்கும் விசைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வேலையாகத் தெரியாது என்று நீயே முடிவு செய்யாதே. நான் பி.காம். முதல் வகுப்பு. எழுது.

அக்கா

பி.கு.: பத்திரிகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும்.

&nbsp;

கொல்கத்தா
14.12.2024

அக்கா,

அதே நியூட்ரினோதான். தேனியில் வானத்திலிருந்து வருகிறவற்றைப் பிடித்துப் பார்க்க நினைத்தார்கள். என் வேலையில் எதையும் பிடிப்பதில்லை, குடைவதில்லை. காகிதமும் கம்ப்யூட்டரும்தான்.

சரி, கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு எலெக்ட்ரான்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள். ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரிய வேண்டுமானால் நடுவில் ஏதாவது போய்வர வேண்டும். பெரும்பாலும் அந்த வேலையை ஒளி செய்கிறது. நியூட்ரினோவும் செய்யலாம். ஆனால் ஒற்றை நியூட்ரினோவால் முடியாது. ஒன்றை மட்டும் வெளியே அனுப்பினால் அந்த எலெக்ட்ரான் பழையபடி எலெக்ட்ரானாக இருக்க முடியாது, அதன் தற்சுழற்சிக் கணக்கு இடிக்கும். அதனால் எப்போதும் இரண்டாகத்தான் போக வேண்டும். ஒரு நியூட்ரினோ, ஒரு எதிர் நியூட்ரினோ. இரண்டும் சேர்ந்து போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும், அப்போதுதான் விசை என்று ஒன்று உண்டு. வழியில் அவை யார் கண்ணிலும் படாது. எந்தக் கருவியிலும் சிக்காது. போய்ச் சேர்ந்த விளைவை வைத்துத்தான் போயிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள முடியும்.

தூரத்தை இரண்டு மடங்காக்கினால் விசை அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். அப்படியிருந்தும் இதை நெடுந்தூர விசை என்கிறோம். நீ சிரிப்பாய். காரணம், இந்த இனத்தில் மற்ற விசைகள் அணுக்கருவைத் தாண்டுவதற்குள் அறுந்துவிடும். நியூட்ரினோவுக்கு எடை மிகக் குறைவு. அதனால் இது தேய்ந்துகொண்டே போகும், சட்டென்று அறாது. கடைசியில் இதுவும் அறும்தான். ஆனால் ஓர் அணுவின் அளவை வைத்துப் பார்த்தால் அது எங்கேயோ தொலைவில்.

இன்னொன்று. சூரியனிலிருந்து நியூட்ரினோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உனக்குக் கிழக்கே கல்பாக்கம் அணு உலையிலிருந்தும் எதிர் நியூட்ரினோக்கள் கிளம்பி உன் கொட்டகை, நாற்காலி, அண்டா, கயல், எல்லாவற்றின் ஊடேயும் போய்க்கொண்டிருக்கின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த ஓட்டத்தில் நிற்கும் துகள்கள் ஜோடியில் ஒன்றை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், அப்போது விசை பெரிதாகும் என்று சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பதுதான் என் வேலை. இதுவரை என் விடை: அவ்வளவாக மிஞ்சாது.

குங்குமத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

ராஜா

&nbsp;

உத்திரமேரூர்
23.12.2024

அடேய்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?

“கண்ணுக்குத் தெரியாத தூசியே ரெண்டு பேராப் போயித்தான் கூப்புடுது. இவுரு படிச்சவரு, ஒத்தையா வந்து நின்னாரு!”

நானும் உன் மாமாவும் சிரித்த சிரிப்பில் கயல் பயந்து அழுதுவிட்டாள். கல்கத்தாவில் உட்கார்ந்து என் மாமியார் கட்சிக்கு நீயே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறாய். இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார் உன் மாமா.

சரி, சிரித்தது போதும். ஒன்று கேட்கிறேன். கோபம் இல்லாமல் கேட்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு நான் வராமல் போனதற்கு மாமியார் காரணம் இல்லை. உன் மாமாகூட இரண்டாம் நாள் இறங்கி வந்துவிட்டார். “நம்ம புள்ளதான, போயிட்டு வந்துடலாம்” என்றார். போகமாட்டேன் என்று நின்றது நான்தான்.

அப்பா போனபோது அம்மாவின் வளையலை உடைக்கக் கூடாது என்று நான் யார் யாரோடு சண்டை போட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். சித்தப்பா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா எல்லா நல்லது கெட்டதிலும் முன்னால் நிற்க வேண்டும் என்று அவ்வளவு கத்தினேன். நீயும் அன்று என் பக்கம்தான் நின்றாய். அப்புறம் உன் கல்யாணம் வந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள், கைகால் நன்றாக இருக்கிறாள். நீ அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்து நின்றாய். தாலி இல்லாதவள் பத்திரிகை வைக்கக் கூடாது என்று நீயும் நினைத்துவிட்டாய் என்று எனக்குப் பட்டது. உன் தட்டைப் பார்த்தபோது எனக்குக் குங்குமம் இல்லாதது தெரியவில்லை. அம்மா இல்லாததுதான் தெரிந்தது.

அதனால்தான் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

ஏன் தனியாக வந்தாய் ராஜா? உண்மையைச் சொல். நீ சொல்லும் காரணம் எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிறேன், உன் பெயரோ வேதகிரி பெயரோ.

அக்கா

&nbsp;

கொல்கத்தா
2.1.2025

அக்கா,

முதலில் ஒரு திருத்தம். உன் மாமியாரிடம் சொல்லிவிடு. அந்த விசை கூப்பிடும் விசை இல்லை. ஒரே மாதிரியான இரண்டு துகள்களுக்கு நடுவில் அது தள்ளும் விசை. ஜோடியாகப் போவது சரி, ஆனால் போய்த் தள்ளுகிறது. நீயும் நானும் ஒரே அச்சு என்று அப்பா சொல்வாரே, அதை நினைத்துக்கொண்டேன்.

இதையே இன்னும் நாலு பக்கம் எழுதி உன் கேள்வியைத் தட்டிக் கழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திலகா பின்னால் நின்று படித்துவிட்டு, “அக்கா கேட்டதுக்கு முதல்ல பதில் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் தனியாக வரவில்லை அக்கா.

அம்மாவும் வந்தாள். பழையசீவரத்திலிருந்து வாலாஜாபாத் வந்து பஸ் மாறி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். முதல் பத்திரிகை உனக்குத்தான் வைக்க வேண்டும் என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். உன் தெருமுனையில், சிட்டம்மாள் பெட்டிக்கடை இருக்கிறதே, அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

“நீ போயி வெச்சிட்டு வா. நானு உள்ள வந்து தட்ட நீட்டுனா நல்லாவா இருக்கும்? மாப்ள வூட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனச்சிக்கப் போறாங்க. உன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்டா” என்றாள்.

நான் எவ்வளவோ சொன்னேன். கையைப் பிடித்து இழுத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்க்க ஆரம்பித்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை. தட்டை அங்கேயே அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். குங்குமச் சிமிழ் அவள் பையிலேயே தங்கிவிட்டது. உன் வீட்டுக்குள் தட்டை நீட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. திரும்பி ஓடிப் போய் எடுத்து வந்தால் அவள் அங்கே இருப்பது தெரிந்துவிடும்.

முனையிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். “அவகிட்ட சொல்லாத. தெரிஞ்சா ரோட்டுக்கே வந்து கத்துவா. மாப்ளைக்கி அசிங்கமா போயிடும்.” அதனால்தான் உன் மாமியார் கேட்டபோது நான் மட்டும்தான் என்றேன்.

அதற்குப் பிறகு நீ வரவில்லை. தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மாவுக்குத் தெரியும். மண்டபத்தில் ஐயர் கேட்டபோது அவள் தலை குனிந்தது அதனால்தான். எனக்கு உன்மேல் இருந்த கோபம் பொய் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் உண்மை.

அம்மாவிடம் இதைக் கேட்காதே. சத்தியத்தை மீறிவிட்டேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவாள்.

பத்திரிகையில் யார் பெயரை வேண்டுமானாலும் போடு. என் பெயரைப் போட்டால் வருவேன்.

ராஜா

&nbsp;

உத்திரமேரூர்
11.1.2025

ராஜா,

கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். என்னிடம் போய் அதை எதிர்பார்க்கலாமா?

முதலில் சிட்டம்மாள் கடைக்குப் போனேன். தினமும் அங்கேதான் கயலுக்குப் பிஸ்கட் வாங்குகிறேன். “போன வருஷத்துக்கு முந்தின ஆடியில எங்கம்மா இங்க வந்தாங்களா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“ஆமாம்மா. இந்த ஸ்டூல் மேலதான் குந்தினு இருந்துச்சி. வெயிலு மண்டையப் பொளக்குது, பொண்ணு வூடு நாலு எட்டுலதான கீது, உள்ள போம்மான்னேன். புள்ள போயிருக்கான், வந்துருவான்னுச்சி. பன்னீர் சோடா குடுத்தேன். பாதி குடிச்சிட்டு பாதிய அந்தப் புள்ளைக்கு வெச்சிருந்துச்சி.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியேம்மா. ஒங்கம்மா வந்தது ஒனக்கே தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கடையிலிருந்து என் வாசல் தெரிகிறது ராஜா. அந்த ஸ்டூலில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். நீ உள்ளே நின்ற நேரமெல்லாம் அம்மா என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அன்று உன்னை வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் உன் மாமாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “குங்குமம் அத்த பையிலயா இருந்துச்சி?” ஆமாம் என்றேன். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பாத்திரம் ஏற்றுகிற குட்டியானை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். கையில் பத்திரிகைக் கட்டு. மன்னித்துக்கொள், உன் பதில் வருவதற்கு முன்னாலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி வரை வேதகிரி பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் பெயர்தான் இருக்கிறது.

பழையசீவரம் போனோம். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. “சொல்லிட்டானா?” என்றாள்.

நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது. “என் வாசல் வரைக்கும் வந்துட்டு ஏம்மா திரும்பிப் போனே?” என்று மட்டும் கேட்டேன். “ஒங்க ரெண்டு பேருக்கும் நல்லது நெனச்சித்தாம்மா” என்றாள்.

அவர் நடுவில் வந்து, “அத்த, கெளம்புங்க. ஓரிக்கைக்குப் போயி திலகா வூட்டுக்கு மொத பத்திரிக வெக்கணும்” என்றார்.

“நான் எதுக்கு மாப்ள? நீங்க ரெண்டு பேரும் ஜோடியா போங்க.”

“அவ வர்ல. நானும் நீங்களும் போறோம். அவ முக்குல வண்டியிலயே குந்தினு இருக்கட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அம்மாவுக்கு மருமகன் பேச்சைத் தட்டத் தெரியாது. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஓரிக்கையில் உன் மாமனார் வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். நான் கயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கிறதோ, ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான். அதற்குள் அம்மா பட்ட பாடு எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

உள்ளே நடந்ததை அவர் வந்து சொன்னார். தட்டை அவர் பிடித்திருக்கிறார். அம்மா சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு, நீட்டலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறாள். திலகாவின் அம்மா ஒரு நொடி பார்த்தாராம். பிறகு தானே கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, “வாங்க சம்பந்தி, நிக்கிறீங்களே, உக்காருங்க” என்றாராம். இதைச் சொல்லி முடித்ததும் வண்டியைக் கிளப்பப் போகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். யார் யார் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சித்தப்பா வீட்டுக்கும் அவளே வைக்கப் போகிறாளாம்.

உன் பத்திரிகை இதோடு இருக்கிறது. மூலையில் இருக்கும் குங்குமம் அம்மா வைத்தது. கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டாள், பிரிக்கும்போது சட்டையில் பட்டுவிடப் போகிறது. இந்த உறையைத் தபாலில் போட அவளும் நானும் சேர்ந்துதான் போகிறோம். கல்கத்தா வரை இரண்டு பேர் வந்து அழைக்க முடியாது. இதை இரண்டு பேர் வந்ததாக எடுத்துக்கொள்.

அது தள்ளும் விசை என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். தூரம் போகப் போக ஒன்றுமில்லாமல் போகும் என்றும் நீதானே எழுதினாய்? அங்கே இருந்துகொண்டு நீ என்னை என்ன தள்ளிவிட முடியும்? பக்கத்தில் வந்து தள்ளு.

அக்கா

&nbsp;

கொல்கத்தா
20.1.2025

அக்கா,

குங்குமம் சட்டையில் பட்டுவிட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பேர் என்ன கோயில் என்று கேட்டார்கள். அக்கா வீடு என்றேன்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். காது குத்துவதற்கு முந்தின நாள் காலையில் சென்னை வந்துவிடுவோம். அங்கிருந்து பஸ்ஸில் உத்திரமேரூர். என் கணக்கு இன்னும் முடியவில்லை. அணு உலையிலிருந்து வரும் ஓட்டத்திலும் அந்த விசை அளக்கிற அளவுக்குத் தேறாது என்றுதான் இப்போதைக்குத் தெரிகிறது. அதை எழுதி வெளியிட வேண்டும், தேறாது என்பதும் ஒரு விடைதான். வந்து உன் மாமியாருக்கு நேரில் விளக்குகிறேன்.

கயலுக்கு நான் யார் என்றே தெரியாதே, மடியில் உட்காருவாளா என்று பயமாக இருக்கிறது. அழுதால் அழட்டும், விடமாட்டேன். மூன்றாவது முடிச்சைப் பற்றித் திலகா ஒன்று சொல்லச் சொன்னாள். தாலிக் கயிறு மாற்றும் நாளை இன்னும் பார்க்கவில்லையாம். நீ இருக்கும்போது மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறாள். முடிச்சு நீதான் போட வேண்டுமாம்.

ஒரே ஒரு உதவி. நாங்கள் வருகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு மாமாவை வண்டி எடுத்துவர வேண்டாம் என்று சொல். அம்மாவைச் சிட்டம்மாள் கடையில், அதே ஸ்டூலில் உட்காரச் சொல். பன்னீர் சோடா சொல்லி வை, இந்த முறை ஆளுக்கொன்று. நாங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து அங்கேயே இறங்கிக்கொள்கிறோம். அங்கிருந்து நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவேன்.

உன் மாமியாரை வாசலில் நின்று, “ஒத்தையாவா வந்தே?” என்று கேட்கச் சொல்.

ராஜா